மையத்தில் ஒரு விசை, குவியத்தில் ஒரு விசை

ஒரு கிராஃப் தாளை எடுத்து நடுவில் ஒரு புள்ளி வையுங்கள். விசை அங்கேதான் இருக்கிறது. தாளின் மீது ஒரு துகள் ஓடுகிறது; நடுப்புள்ளி அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறது. இழுப்பு தொலைவுக்கு நேர்த்தகவில் அமைகிறது. துகள் இரண்டு மடங்கு தள்ளிப்போனால் இரண்டு மடங்கு இழுப்பு. பாதித் தொலைவில் பாதி இழுப்பு. நடுப்புள்ளியின் மேலேயே வந்துவிட்டால் இழுப்பே இல்லை. இந்தத் துகள் எந்தப் பாதையில் ஓடும்?

கல்லூரி இயங்கியல் புத்தகங்களில் இது ஒரு பயிற்சிக் கணக்காக வந்துபோகும். வகைக்கெழுச் சமன்பாட்டை எழுதி, தீர்வு கண்டு, ‘பாதை ஒரு நீள்வட்டம்’ என்று முடித்து, உடனே கோள்களின் பாதைக்குத் தாவிவிடுவார்கள். அப்படி அவசரமாகக் கடக்க வேண்டிய கணக்கல்ல இது. ஈர்ப்பு விசையின் பாதைகளைப் புரிந்துகொள்ள விரும்பும் ஒருவரை நான் முதலில் இங்கேதான் அழைத்து வருவேன். நுண்கணிதம் தெரியாதவர்கூட, கூட்டல் கழித்தல் மட்டும் தெரிந்திருந்தால், இந்தப் பாதையைத் தன் கையாலேயே வரைந்து நிறுவிவிடலாம்.

விசை தொடர்ந்து இழுக்காமல், சம இடைவெளிகளில் விட்டு விட்டு இழுப்பதாக முதலில் வைத்துக்கொள்வோம். இரண்டு இழுப்புகளுக்கு நடுவே துகள் நேர்கோட்டில் மாறாத வேகத்தில் செல்லும். இழுப்பு நேரும் கணத்தில் அதன் நகர்வு மாறும். எவ்வளவு மாறும்? துகள் அப்போது எங்கே இருக்கிறதோ, அந்த இடத்தின் ஆயங்களை அதுவரையிருந்த நகர்விலிருந்து கழித்துவிட வேண்டும். தொலைவுக்கு நேர்த்தகவான, நடுப்புள்ளியை நோக்கிய இழுப்பு என்பதன் பொருள் இவ்வளவுதான். அலகுகளைக் கணக்குக்கு வசதியாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நடுப்புள்ளி (0, 0). துகள் (10, 0) என்ற இடத்தில் தொடங்கி மேல்நோக்கி 4 கட்டம் நகர்ந்து (10, 4)க்கு வருகிறது. நகர்வு (0, 4). இப்போது இழுப்பு: (0, 4)இலிருந்து (10, 4)ஐக் கழித்தால் புதிய நகர்வு (−10, 0). துகள் (0, 4)க்குப் போகிறது. மீண்டும் இழுப்பு: (−10, 0)இலிருந்து (0, 4)ஐக் கழித்தால் (−10, −4). துகள் (−10, 0)க்கு வருகிறது. இப்படியே தொடருங்கள்: (−10, −4), பிறகு (0, −4), பிறகு (10, 0). புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். அடுத்த அடி (10, 4). பாதை மூடிக்கொண்டது.

(10, 0), (10, 4) என்ற தொடக்கத்தில் எந்த மாயமும் இல்லை. வேறு எந்த இரண்டு புள்ளிகளோடு தொடங்கினாலும் ஆறாவது அடியில் புறப்பட்ட இடம் வந்துசேரும். விதியைச் சுருக்கி எழுதினால், அடுத்த இடம் என்பது இப்போதைய இடத்திலிருந்து முந்தைய இடத்தைக் கழித்தால் வருவது. முதல் இடத்தை அ என்றும் இரண்டாவதை ஆ என்றும் கொண்டால் மூன்றாவது இடம் ஆ − அ. நான்காவது, (ஆ − அ) − ஆ, அதாவது −அ. மூன்றே அடிகளில் துகள், தொடங்கிய இடத்துக்கு நேர் எதிரே, நடுப்புள்ளிக்கு அந்தப் பக்கம் அதே தொலைவில் நிற்கிறது. இன்னும் மூன்று அடிகளில் திரும்பிவிடும். பெரிய பாதையோ சிறிய பாதையோ, அகன்றதோ ஒடுங்கியதோ, எல்லாவற்றுக்கும் ஆறே அடிகள்.

இந்த ஆறு புள்ளிகளும் எந்த வளைகோட்டின் மேல் இருக்கின்றன? ஒரு வட்டத்துக்குள் வரைந்த ஒழுங்கு அறுகோணத்தை எண்ணிப்பாருங்கள். அதன் முனைகளும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவை: ஒவ்வொரு முனையும், முந்தைய முனையிலிருந்து அதற்கும் முந்தையதைக் கழித்தால் கிடைப்பது. இப்போது அந்தத் தாளை ஒரு திசையில் நீட்டுங்கள், இன்னொரு திசையில் சுருக்குங்கள், சாய்வாக இழுங்கள். கூட்டலும் கழித்தலும் இதனால் கெடுவதில்லை. நீட்டும் முன் உண்மையாக இருந்த விதி நீட்டிய பின்னும் உண்மையே. ஆனால் வட்டம் நீள்வட்டமாகிவிட்டது. நாம் எந்த இரண்டு புள்ளிகளோடு தொடங்கினாலும், அறுகோணத்தின் முதல் இரண்டு முனைகளை அந்தப் புள்ளிகளில் கொண்டுபோய் நிறுத்தும்படி தாளை இழுத்துவிட முடியும். ஆகவே ஆறு புள்ளிகளும் ஒரு நீள்வட்டத்தின் மேல் இருக்கின்றன, தோராயமாக அல்ல, துல்லியமாக. அந்த நீள்வட்டத்தின் மையம் விசையின் இருப்பிடமேதான்.

இழுப்புகளை அடிக்கடி, ஆனால் மெலிதாக ஆக்கினாலும் இதே கதைதான். ஒவ்வோர் இழுப்பிலும் இடத்தின் ஆயங்களை முழுதாகக் கழிக்காமல் அவற்றில் 0.268 பங்கை மட்டும் கழித்தால், பன்னிரண்டு அடிகளில் ஒரு சுற்று முடியும். புள்ளிகள் ஒரு பன்னிருகோணத்தை நீட்டி வைத்ததுபோல் அமையும். இழுப்பைத் தொடர்ச்சியாக்கிவிட்டால் பலகோணத்தின் மூலைகள் மழுங்கி நீள்வட்டமே பாதையாகிறது. வட்டப் பாதையில் சீராகச் சுற்றும் துகள் ஒன்று இந்த விசைக்குப் பொருத்தமானது என்பது வெளிப்படை. மற்ற எல்லாப் பாதைகளும் அந்த ஒற்றை வட்டத்தை நீட்டியும் சாய்த்தும் பெறப்பட்டவை. நீட்டுவது இடத்தைத்தான் மாற்றுகிறது, நேரத்தை அல்ல. அதனால்தான் எல்லாப் பாதைகளுக்கும் ஒரே சுற்றுக்காலம். நீட்டும்போது எல்லாப் பரப்புகளும் ஒரே விகிதத்தில் மாறுவதால், சம நேரத்தில் சமப் பரப்பு என்ற கெப்ளரின் இரண்டாம் விதியும் கூடவே வந்துவிடுகிறது. துகளை அசைவில்லாமல் விட்டுவிட்டால் நீள்வட்டம் ஒரு கோடாக ஒடுங்கும். சுருள்வில்லில் கட்டிய எடையின் ஆட்டம் அதுதான்.

தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் இழுக்கும் ஈர்ப்பு விசைக்கு இந்த உத்தி பலிக்காது. அங்கே இழுப்பைக் கணிக்க முதலில் தொலைவு வேண்டும். தொலைவைக் கணிக்க கிடைமட்ட ஆயத்தையும் செங்குத்து ஆயத்தையும் பித்தகோரஸ் தேற்றத்தின் வழியே கலக்க வேண்டும். தாளை ஒரு திசையில் நீட்டினால் தொலைவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். நேர்த்தகவு விசையில் மட்டுமே கிடைமட்ட ஆட்டம் தன் போக்கிலும் செங்குத்து ஆட்டம் தன் போக்கிலும் நடக்கின்றன. ஒன்றுக்கு மற்றொன்று இருப்பதே தெரியாது. இந்தக் கணக்கு இவ்வளவு எளிதாக அவிழ்வதன் காரணம் அதுவே.

இந்த விசையை நாம் ராபர்ட் ஹூக்கின் பெயரால் அழைக்கிறோம். சுருள்வில் நீளும் அளவுக்கு ஏற்ப அதன் இழுப்பு கூடும் என்ற விதியை அவர் 1676இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராகவும், 1678இல் வெளிப்படையாகவும் அச்சிட்டார். ஆனால் இவ்வகை விசையின் கீழ் வளைந்து செல்லும் பாதைகளை அவர் அதற்கும் முன்பே பார்த்திருந்தார். 1666 மே மாதம் லண்டன் ராயல் சொசைட்டியில், கூரையிலிருந்து தொங்கவிட்ட ஒரு ஊசலைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு அது வட்டமாகவும் நீள்வட்டமாகவும் சுற்றுவதைக் காட்டினார். கோளுக்குத் தன்பாட்டில் இருப்பது நேர்கோட்டு இயக்கம் மட்டுமே, அதை ஒரு மையத்தை நோக்கி இழுத்தால் போதும், மூடிய பாதை பிறக்கும் என்பது அவர் சொல்ல வந்த செய்தி. கோள்களைத் தள்ளிக்கொண்டே போக ஒன்றும் தேவையில்லை, இழுப்பு ஒன்றே போதும் என்ற எண்ணம் அன்று புதிது. ஊசலின் இழுப்பு மையத்திலிருந்து விலக விலகக் கூடுகிறது, சூரியனின் இழுப்பு அப்படியிருக்க முடியாது என்ற வேறுபாட்டையும் அவர் அறிந்தே இருந்தார்.

1679 நவம்பரில் ஹூக் நியூட்டனுக்கு எழுதிய கடிதத்திலிருந்து அறிவியல் வரலாற்றின் முக்கியமான கடிதப் போக்குவரத்துகளில் ஒன்று தொடங்குகிறது. நியூட்டன் பதிலில் ஒரு கற்பனைச் சோதனையை முன்வைத்தார்: உயரமான இடத்திலிருந்து விழும் பொருள், பூமி அதற்கு வழிவிட்டால் எப்படிப் போகும்? சுருளாகச் சுற்றி மையத்தை அடையும் என்று படம் வரைந்தார். ஹூக் மறுத்தார். தடை எதுவும் இல்லையென்றால் பொருள் மையத்தை அடையாது, நீள்வட்டம் போன்ற பாதையில் மீண்டும் மேலே வரும் என்றார். டிசம்பரில் நியூட்டன், எங்கும் ஒரே அளவுள்ள விசையின் கீழ் அமையும் பாதையை வரைந்து அனுப்பினார். 1680 ஜனவரியில் ஹூக் தன் ஊகத்தைத் தெளிவாகவே எழுதிவிட்டார்: ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறைகிறது. ஆனால் பூமிக்கு உள்ளே அப்படியல்ல, மையத்தை நெருங்க நெருங்க இழுப்பு குறையும் என்ற கருத்தையும் அதே கடிதத்தில் சேர்த்திருந்தார்.

அந்தக் கடைசிக் கருத்து எவ்வளவு கூர்மையானது என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கும் ஒரே அடர்த்தி கொண்ட கோளத்துக்குள் ஈர்ப்பு மையத்திலிருந்து உள்ள தொலைவுக்கு நேர்த்தகவில் இருக்கும் என்பதை நியூட்டன் ‘பிரின்சிபியா’வில் நிறுவினார். துகளுக்கு வெளியே இருக்கும் அடுக்குகளின் இழுப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் கோளம் மட்டுமே இழுக்கிறது. அதன் நிறை ஆரத்தின் மும்மடியாகக் குறைய, தொலைவின் பயன் இருமடியாகக் கூட, மிஞ்சுவது ஆரத்தின் ஒருமடி. எதிர் இருமடி விதியின் வயிற்றுக்குள்ளேயே நேர்த்தகவு விதி இருக்கிறது. பூமி சீரான அடர்த்தி உடையதாகவும், காற்றும் உராய்வும் இல்லாததாகவும் இருந்தால், அதைத் துளைத்துப் போட்ட சுரங்கத்தில் விடப்பட்ட கல் மறுமுனைக்கு 42 நிமிடங்களில் போய், 84 நிமிடங்களில் திரும்பிவரும். சுரங்கம் மையத்தின் வழியே போகத் தேவையில்லை. சென்னையையும் திருச்சியையும் இணைக்கும் நேர்கோட்டுச் சுரங்கமானாலும் அதே 42 நிமிடம்தான். பூமியின் தரையை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோள் ஒன்று இருந்தால் அதற்கும் அதே 84 நிமிடம். நீட்டி ஒடுக்கிய வட்டங்களுக்கு எல்லாம் ஒரே காலம் என்று தாளில் பார்த்தோமே, அது இங்கே செயல்படுகிறது. உண்மையான பூமியின் நடுப்பகுதி மேல்பகுதியைவிட மிக அடர்த்தியானது. அந்த அடர்த்திப் பரவலைக் கணக்கில் எடுத்தால் மையத்தின் வழியான பயணம் சுமார் 38 நிமிடமாகக் குறைகிறது.

ஹூக் தன் பங்குக்கு நிறுத்திவிடவில்லை. 1685 செப்டம்பர் தேதியிட்ட அவருடைய கையெழுத்துத் தாள் ஒன்று கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது. நாம் மேலே செய்ததுபோலவே, சம இடைவெளியில் விழும் இழுப்புகளைக் கொண்டு, தொலைவுக்கு நேர்த்தகவான விசையின் கீழ் ஒரு துகளின் பாதையை அவர் அடி அடியாக வரைந்திருக்கிறார். புள்ளிகள் நீள்வட்டத்தின் மேல் விழுவதைக் கண்டிருக்கிறார். இந்த வரைபடத்தை இயற்பியலாளர் மைக்கேல் நாவன்பெர்க் 1990களில் விரிவாக ஆராய்ந்து எழுதிய பிறகுதான் அதன் மதிப்பு பரவலாகத் தெரியவந்தது. நியூட்டனின் 1684 கையெழுத்துப் படியில் இருந்த முறையைப் பார்த்து ஹூக் இதைச் செய்தாரா என்பதில் ஆய்வாளர்களிடையே விவாதம் உண்டு. எப்படியானாலும், கணிதம் தெரியாத கைவினைஞர் என்று நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்ட ஒருவர், ஒரு விசையிலிருந்து ஒரு பாதையைச் சரியாக வருவித்திருக்கிறார். அது நேர்த்தகவு விசை என்பது தற்செயலல்ல. அந்த விசையில்தான் வரைபடம் பொய் சொல்லாது, எத்தனை பெரிய அடி எடுத்து வைத்தாலும். எதிர் இருமடி விசைக்கு நீள்வட்டம் வரும் என்பதற்கான நிறுவல் அவரிடமிருந்து கிடைக்கவில்லை.

அந்த நிறுவலைக் கேட்டுத்தான் எட்மண்ட் ஹாலி 1684 ஆகஸ்டில் நியூட்டனைத் தேடிப் போனார். சில மாதங்களில் நியூட்டன் எழுதி அனுப்பிய சிறு கட்டுரையில், நீள்வட்டம் இரண்டு முறை அடுத்தடுத்து வருகிறது. முதலில் விசை மையத்தில் இருக்கும் நீள்வட்டம். விடை, தொலைவுக்கு நேர்த்தகவு. உடனே விசை குவியத்தில் இருக்கும் நீள்வட்டம். விடை, தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவு. 1687இல் வெளியான ‘பிரின்சிபியா’விலும் முதல் நூலின் பத்தாம், பதினொன்றாம் கூற்றுகளாக இவை இணையாக நிற்கின்றன. வளைகோடு ஒன்றே. அதை இழுக்கும் புள்ளியை மையத்திலிருந்து குவியத்துக்கு நகர்த்தினால் இயற்கையின் விதியே மாறிவிடுகிறது.

இந்த வேறுபாடு வானத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். பூமியின் பாதையை வரைந்து காட்டினால் யாராலும் அதை வட்டத்திலிருந்து பிரித்தறிய முடியாது; நெட்டச்சும் குற்றச்சும் ஏழாயிரத்தில் ஒரு பங்குதான் வேறுபடுகின்றன. செவ்வாயின் பாதையில்கூட அரை சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் சூரியன் பூமிப் பாதையின் மையத்திலிருந்து 25 லட்சம் கிலோமீட்டர் விலகி நிற்கிறது. பாதையின் வடிவம் சொல்லாததைச் சூரியனின் இடம் சொல்லிவிடுகிறது. விசை மையத்தில் இருந்திருந்தால் பூமி ஓராண்டில் இருமுறை சூரியனை நெருங்கி, இருமுறை விலகும்; நெட்டச்சின் இரு முனைகளிலும் ஒரே வேகத்தில் போகும். உண்மையில் ஜனவரித் தொடக்கத்தில் ஒருமுறை நெருங்கி நொடிக்கு 30.3 கிலோமீட்டர் வேகத்திலும், ஜூலைத் தொடக்கத்தில் ஒருமுறை விலகி 29.3 கிலோமீட்டர் வேகத்திலும் போகிறது. இன்னும் நேரடியான சான்று சுற்றுக்காலம். சூரியன் தொலைவுக்கு நேர்த்தகவில் இழுத்தால் எல்லாக் கோள்களும் ஒரே ஆண்டைப் பகிர்ந்துகொள்ளும். புதன் 88 நாளில் சுற்றுகிறது, வியாழன் ஏறக்குறைய 12 ஆண்டு எடுத்துக்கொள்கிறது. வியாழன் ஆண்டுக்கு ஒரு ராசி கடக்கிறது என்று பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் அறிந்த செய்தியே போதும், சூரியனின் விசை நேர்த்தகவு அல்ல என்று தீர்மானிக்க.

இவ்வளவு வேறுபட்ட இரண்டு விதிகள் ஏன் ஒரே வளைகோட்டைப் பகிர்ந்துகொள்கின்றன? இந்தக் கேள்விக்கான விடைதான் இந்த அத்தியாயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

மையத்தில் விசை உள்ள ஒரு நீள்வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு புள்ளிக்கும் நடுப்புள்ளியிலிருந்து ஒரு தொலைவும், கிடைமட்டத்திலிருந்து ஒரு கோணமும் இருக்கும். தொலைவை இருமடியாக்குங்கள், அதாவது 3 என்றால் 9. கோணத்தை இரட்டியுங்கள். இப்படி ஒவ்வொரு புள்ளியையும் புதிய இடத்துக்குக் கொண்டுபோய் வைத்தால் என்ன வடிவம் கிடைக்கும்?

நெட்டச்சின் பாதி 3, குற்றச்சின் பாதி 1 என்று ஒரு நீள்வட்டத்தில் செய்து பார்ப்போம். நெட்டச்சின் வலமுனை தொலைவு 3, கோணம் 0; அது 9க்குப் போகிறது. குற்றச்சின் மேல்முனை தொலைவு 1, கோணம் 90 பாகை. கோணம் 180 ஆகிவிடுவதால் அது நடுப்புள்ளிக்கு இடப்புறம் 1 தொலைவில் போய் விழுகிறது. நெட்டச்சின் இடமுனை தொலைவு 3, கோணம் 180. இரட்டித்தால் 360, மீண்டும் 9. ஆக, பழைய பாதையில் பாதிச் சுற்று முடியும்போதே புதிய பாதையில் ஒரு முழுச் சுற்று முடிந்துவிடுகிறது. புதிய வடிவமும் நீள்வட்டமே. அது −1இலிருந்து 9 வரை பரவுவதால் நெட்டச்சின் பாதி 5; அதன் மையம் 4 என்ற இடத்தில். கணக்கிட்டால் குற்றச்சின் பாதி 3 என்று வருகிறது. நீள்வட்டத்தில் மையத்துக்கும் குவியத்துக்கும் உள்ள இடைவெளி, 5இன் இருமடியிலிருந்து 3இன் இருமடியைக் கழித்தால் வரும் 16இன் வர்க்கமூலம், அதாவது 4. புதிய மையம் 4இல் இருக்கிறது. அதிலிருந்து 4 இடப்புறம் போனால் நாம் தொடங்கிய அதே நடுப்புள்ளி. மையத்தில் இருந்த விசை, ஓர் அடிகூட நகராமல், குவியத்தில் இருக்கிறது.

3, 1 என்ற எண்களுக்கு மட்டும் வந்த அதிர்ஷ்டமல்ல இது. எந்த நீள்வட்டத்துக்கும் நடக்கும். நேரத்தின் நடையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்: புதிய பாதையில் விசைப்புள்ளியிலிருந்து தொலைவு கூடும் இடங்களில் துகள் அதே விகிதத்தில் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி மாற்றினால் ஹூக்கின் விசையில் ஆடும் துகள், சூரியனைச் சுற்றும் கோளாக மாறிவிடுகிறது. இந்தத் தொடர்பை 1911இல் கார்ல் போலின் இவ்வடிவில் எழுதினார். ஆனால் இதன் வேர் நியூட்டனிடமே இருக்கிறது; 1713இல் வந்த இரண்டாம் பதிப்பில், மையத்து விசையிலிருந்து குவியத்து விசையை நேரே பெறும் இன்னொரு நிறுவலைப் பதினொன்றாம் கூற்றுக்குச் சேர்த்திருந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் தன் கடைசி ஆண்டுகளைப் ‘பிரின்சிபியா’வுக்கே கொடுத்தார். பொது வாசகருக்காக அவர் எழுதிய விளக்கநூல் 1995இல், அவர் மறைந்த ஆண்டிலேயே, வெளிவந்தது. இந்த இரு விதிகளின் இரட்டைப் பிறப்பு அதில் உரிய கவனம் பெறுகிறது.

இரட்டையர் இருவர்தாம், மூன்றாமவர் இல்லை. 1873இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜோசப் பெர்ட்ராண்ட் இதை நிறுவினார். மையத்தை நோக்கி இழுக்கும் விசைகளில், மையத்தைவிட்டுத் தப்பாத எல்லாப் பாதைகளும் மூடிக்கொள்வது இரண்டே விதிகளுக்குத்தான்: நேர்த்தகவு, எதிர் இருமடி. வேறு எந்த விதியை எடுத்தாலும் பாதைகள் பொதுவாகத் தம்மேல் திரும்பிப் பொருந்தாமல், பூவிதழ்கள்போல் சுழன்றுகொண்டே போகும். மிக அருகிலுள்ள இடத்துக்கும் மிகத் தொலைவான இடத்துக்கும் இடையே துகள் சுழலும் கோணம், ஏறக்குறைய வட்டமான பாதைகளில், நேர்த்தகவு விசைக்கு 90 பாகை, எதிர் இருமடி விசைக்கு 180 பாகை. நியூட்டன் 1679 டிசம்பரில் வரைந்த மாறாத விசைக்கு இது ஏறக்குறைய 103.9 பாகை. 360ஐ அது சரியாக வகுக்காது, பாதை மூடாது.

வீட்டிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். கூரையிலிருந்து இரண்டு மீட்டர் நூலில் ஒரு கனமான குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, ஒரு பக்கம் 20 சென்டிமீட்டர் இழுத்து, நேராக விடாமல் பக்கவாட்டில் மெல்லத் தள்ளி, அகலவாட்டில் 10 சென்டிமீட்டர் வரும் நீள்வட்டமாகச் சுற்றவிடுங்கள். ஊசலின் இழுப்பு சிறிய ஆட்டங்களில்தான் தொலைவுக்கு நேர்த்தகவு. ஆட்டம் பெரிதாகும்போது நேர்த்தகவைவிடச் சற்றுக் குறைந்துவிடுகிறது. அந்தச் சிறு குறைவு போதும். நீள்வட்டம் தானே மெல்லத் திரும்பத் தொடங்கும், குண்டு சுற்றும் அதே திசையில், ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறத்தாழ முக்கால் பாகையை நெருங்கும் அளவில். ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனதும், தொடக்கத்தில் வாசலைப் பார்த்திருந்த நெட்டச்சு பக்கச் சுவரைப் பார்க்க வேண்டும்; ஆட்டம் தேய்ந்துகொண்டே வருவதால் கொஞ்சம் தாமதமாகும். பூமியின் சுழற்சியைக் காட்ட 1851இல் பாரிஸில் பூக்கோ தொங்கவிட்ட 67 மீட்டர் ஊசலைப் போன்றவற்றைப் பராமரிப்பவர்களுக்கு இந்தத் திருப்பம் பெரிய தொல்லை. ஊசல் கோட்டிலிருந்து சிறிது விலகி நீள்வட்டமானாலே அது தன்பாட்டில் திரும்பி, பூமியின் சுழற்சியால் வரும் திருப்பத்தோடு கலந்துவிடும். ஊசலை நீளமாக்குவதும், குண்டைப் பக்கவாட்டில் இழுத்துக் கட்டிய நூலை எரித்து அறுத்து அசைவில்லாமல் விடுவிப்பதும் இதைத் தவிர்க்கத்தான்.

நேர்த்தகவு விசைக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அது ஈர்ப்பு விசைக்கு வாய்க்கவில்லை. எத்தனை துகள்கள் ஒன்றையொன்று இழுத்தாலும் கணக்கு அவிழ்கிறது. ‘பிரின்சிபியா’வின் 64ஆம் கூற்றில் நியூட்டன் காட்டுகிறார்: எல்லாப் பொருள்களும் தம்முள் தொலைவுக்கும் நிறைக்கும் ஏற்ப இழுத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் பொதுவான நிறைமையத்தைச் சுற்றித் தனக்கென ஒரு நீள்வட்டத்தில், எல்லாம் ஒரே காலத்தில் சுற்றும். கூட்டல் கழித்தலின் அதே எளிமைதான் இதற்கும் காரணம். எல்லா இழுப்புகளையும் கூட்டினால் நிறைமையத்தை நோக்கிய ஒற்றை இழுப்பு மிஞ்சுகிறது. ஈர்ப்பு விசையிலோ மூன்று பொருள்களே போதும், கணக்கு அவிழாமல் போக. நியூட்டன் இந்தக் கூற்றை எழுதியபோது உண்மையான வானம் இப்படி நடப்பதில்லை என்று நன்றாகவே அறிந்திருந்தார். இருந்தும் அதை முழுதாகச் செய்து வைத்தார்.

இனி விசையின் திசையை மட்டும் திருப்பிப் பார்ப்போம். நடுப்புள்ளி இழுக்காமல், தொலைவுக்கு நேர்த்தகவில் தள்ளுகிறது. விதியில் ஒரே ஒரு குறி மாறுகிறது: இடத்தின் ஆயங்களை நகர்விலிருந்து கழிக்காமல் அதனோடு கூட்ட வேண்டும். (1, 0)இல் தொடங்கி (0, 1) நகருங்கள், (1, 1). இப்போது நகர்வு (0, 1) + (1, 1) = (1, 2); துகள் (2, 3)இல். அடுத்த நகர்வு (3, 5). துகள் (5, 8)இல். அடுத்தது (13, 21), பிறகு (34, 55). ஒவ்வோர் எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டலாக வளரும் ஃபிபனாச்சி வரிசை தாளில் தானாக நடந்துபோகிறது. செங்குத்து ஆயத்தின் இருமடியிலிருந்து இரு ஆயங்களின் பெருக்கத்தையும் கிடைமட்ட ஆயத்தின் இருமடியையும் கழித்துப் பாருங்கள்: (2, 3)க்கு 9 − 6 − 4, அதாவது −1. (5, 8)க்கு 64 − 40 − 25, மீண்டும் −1. (13, 21)க்கு 441 − 273 − 169, அதே −1. எல்லாப் புள்ளிகளும் ஒரே அதிபரவளையத்தின் மேல் இருக்கின்றன. சில அடிகளுக்குப் பிறகு ஒவ்வோர் அடியிலும் தொலைவு ஏறக்குறைய 2.618 மடங்காகப் பெருகுகிறது.

இத்தகைய தள்ளுவிசை வெறும் தாள் விளையாட்டல்ல. 1917இல் ஐன்ஸ்டைன் தன் ஈர்ப்புச் சமன்பாடுகளில் சேர்த்த அண்டவியல் மாறிலியை நியூட்டனின் மொழியில் எழுதினால், அது தொலைவுக்கு நேர்த்தகவான ஒரு தள்ளுவிசையாக வெளிப்படுகிறது. தொலைதூரச் சூப்பர்நோவாக்களை அளந்த இரண்டு குழுக்கள் 1998இல் பேரண்டத்தின் விரிவு வேகமெடுத்து வருவதைக் கண்டறிந்தன. 2011இன் இயற்பியல் நோபல் பரிசு அதற்காகத்தான். வேகமெடுப்புக்கு அந்த மாறிலியே காரணம் என்றால், ஈர்ப்பு பலவீனமடையும் பெருந்தொலைவுகளில் ஹூக்கின் விதி, குறி மாறிய வடிவில், கை ஓங்கி நிற்கிறது. போதுமான தொலைவில் உள்ள இரண்டு விண்மீன் மண்டலங்களின் இடைவெளி, சம காலங்களில் சமத் தொகையாகக் கூடாமல், சம மடங்காகப் பெருகிக்கொண்டே போகும்.